கோயிலடியிலை

காங்கேசன்துறை வீதியில் ஓடும் மினிபஸ் ஒன்றில் பக்கத்து இருக்கைக்காரரின் கைத்தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் யாரோ “எங்கை நிக்கிறியள்?” என்று கேட்டிருக்கவேண்டும். இவர் சொல்கிறார்: “இணுவிலிலை.”

எழுத்தில் பார்த்தால் வேடிக்கையான சொல். ஊரின் பெயர் ‘இல்’ என்று முடிகிறது. அந்த ஊருக்குள் நிற்பதைக் காட்ட இன்னொரு ‘இல்’ வந்து ஒட்டுகிறது. அதன் வாலில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ‘ஐ’ வேறு. கேட்டவருக்கோ சொன்னவருக்கோ இது ஒன்றும் உறுத்தவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் அந்த இரண்டாவது ‘இல்’ மனதுக்குள் கிடந்தது. அது எங்கேயிருந்து வந்தது, ஒருகாலத்தில் என்னவாக இருந்தது, இப்போது என்னவாகிக்கொண்டிருக்கிறது என்று அதன் வழியைத் தேடிப் போனேன். யாழ்ப்பாணத்தில் தொடங்கி நன்னூல் வழியாக மொஸ்கோ, பிராக் வரை போய்த் திரும்பவேண்டியிருந்தது.

முதலில் ஒரு போலியை விலக்கிவிடவேண்டும். ஊர்ப்பெயரின் கடைசியில் இருப்பது நமது ஆள் அல்ல. கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில் என்று ஒரே வீதியை அண்டி நாலு ஊர்கள். தென்மராட்சியில் மிருசுவில், வடமராட்சியில் கெருடாவில், கிழக்கே போனால் தம்பிலுவில். இத்தனை ஊர்களின் வாலிலும் இருப்பது ‘இல்’ அல்ல, ‘வில்’. சிங்களத்தில் ‘வில’ என்றால் குளம். இதைக் கொண்டு குடாநாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்குச் சிங்கள மூலம் காட்டி ஹோர்ஸ்பரோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1916 இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நின்றார். ‘வில்லு’ என்பது ஈழத்துத் தமிழிலும் இயற்கையான நீர்நிலைக்கு வழங்கிய சொல்தானே, வில்பத்துக் காட்டுக் குளங்களை இன்றைக்கும் வில்லு என்றுதானே சொல்கிறோம் என்று மற்றத் தரப்பு கேட்கும். உள்ளூர்ப் புலவர்களுக்கு இந்தக் குளத்துச் சண்டை எதுவும் தேவைப்படவில்லை. ‘இணையிலி’ தான் இணுவிலாயிற்று, தனக்கு இணையில்லாத ஊர் என்று பொருள் சொல்லிவிட்டார்கள். பாட்டில் அடங்காதபோது ‘இணுவை’ என்று சுருக்கியும் கொண்டார்கள். குளமோ, இணையிலியோ, அது ஊருக்கு இட்ட பெயர். உறைந்துபோனது. நாம் தேடுவது உறையாமல் தேய்ந்துகொண்டே வந்த ஒன்றை.

அது ஒரு வீடு.

பழந்தமிழில் ‘இல்’ என்றால் வீடு. இல்லம், இல்லாள், இல்வாழ்க்கை எல்லாம் அதன் பிள்ளைகள். அரசன் வீடு கோயில். வீட்டின் வாய் வாயில். ‘இல்வாய்’ என்றுதானே வந்திருக்கவேண்டும், ‘வாயில்’ என்று தலைகீழாக நிற்கிறதே என்றால், இலக்கண ஆசிரியர்கள் அதற்கு ‘இலக்கணப் போலி’ என்று பெயர் வைத்துச் சமாதானம் சொல்வார்கள். ‘முன்றில்’ அதிலும் அழகானது. இல்லின் முன் இருப்பது முற்றம். ‘இல்முன்’ திரும்பி ‘முன்றில்’ ஆயிற்று. தமிழில் ‘முன்’, ‘பின்’, ‘மேல்’ எல்லாம் பெயருக்குப் பின்னால் நிற்கிற சொற்கள். அவற்றில் ஒன்று துள்ளிப் பெயருக்கு முன்னால் போய் நின்ற அபூர்வமான இடங்களில் முன்றில் ஒன்று. ருஷ்யனோ செக்கனோ பார்த்தால் “இதுதானே சரியான ஒழுங்கு” என்பான். அவனிடம் பிறகு வருவோம்.

வீட்டைக் குறித்த சொல் எப்போது ‘உள்ளே’ என்று ஆயிற்று? நாள் குறிக்க முடியாது. ஆனால் இரண்டு இலக்கண நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் வளர்ந்த உயரம் தெரியும். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குப் பெயரே ‘கண்’ என்று வைத்தார். அந்த வேற்றுமையின் பொருளில் வரும் சொற்களையும் வரிசைப்படுத்தினார். கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின், முன், இடை, கடை, தலை, வலம், இடம் என்றெல்லாம் கண்ணோடு சேர்த்து 19. கண், கால், தலை, இடை என்று ஒரு மனித உடம்பே அந்தப் பட்டியலில் படுத்திருக்கிறது. ‘இல்’ அதில் இல்லை. (இங்கே கவனமாக எழுதவேண்டியிருக்கிறது, ‘இல்’லுக்கு இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் ‘இல்லை’ என்று வந்து, இருப்பதே இல்லாமற் போய்விடும்.) ஆனால் “இவை போன்ற பிறவும்” என்று கடைசியில் ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தார்.

அந்தக் கதவால் பலர் நுழைந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியபோது பட்டியல் 28 ஆகியிருந்தது. வாய், திசை, வழி, அளை எல்லாம் வந்துவிட்டன. இருபத்தெட்டாவதாக, வரிசையின் கடைசியில், ‘இல்’. பந்தியில் கடைசியாக வந்து குந்தியவன்தான் பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டான். இன்றைக்குக் கண்ணும் உழையும் வயினும் பரீட்சைக்குப் படிப்பவை. ‘இல்’லை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லாமல் யாராலும் தமிழ் பேசமுடியாது.

இந்த இலக்கண வரலாற்றுக்கும் இணுவிலுக்கும் தூரம் அதிகமில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868 இல் அச்சிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் வாழ்நாள் முழுக்க எழுதிய உரைக்குறிப்புகளோடு அதே சொல்லதிகாரம் 1938 இல் திரும்பவும் வந்தது. அச்சிட்டது சுன்னாகம் திருமகள் அழுத்தகம், பதிப்பித்தவர் ஈழகேசரி நா. பொன்னையா. காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையில் இணுவிலுக்கு அடுத்த ஸ்ரேசன் சுன்னாகம். ‘கண் முதலிய பத்தொன்பது’ என்று அங்கே அச்சுக் கோத்துக்கொண்டிருந்தபோது, வெளியே வீதியில் போனவர்கள் அவற்றில் பாதியைக்கூட வாயால் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வீடு என்ற ‘இல்’லும் உருபு ‘இல்’லும் ஒன்றே என்பதில் எல்லா அறிஞரும் ஒரே குரலில் பேசுவதில்லை. இது ‘இங்கே’ என்பதில் இருக்கும் ‘இ’ என்ற சுட்டிலிருந்து கிளைத்தது என்பாரும் உண்டு. ‘இன்’னின் உடன்பிறப்பு என்பாரும் உண்டு. நான் வீட்டுக் கட்சி. காரணம், தமிழ் மட்டும் இப்படிச் செய்யவில்லை. இலத்தீனில் ‘காசா’ என்றால் குடிசை, வீடு. அது தேய்ந்து பிரெஞ்சில் ‘ஷே’ ஆகி, ‘இன்னாரிடத்தில்’ என்று பொருள்படும் சின்ன உருபாகிவிட்டது. வட ஐரோப்பிய மொழிகளில் ‘ஹூஸ்’ என்ற வீடு டேனிஷிலும் சுவீடிஷிலும் ‘ஹொஸ்’ என்று குறுகி அதே வேலையைச் செய்கிறது. பாரிஸிலுள்ள நம் ஆட்கள் வைத்தியரிடம் போவதைப் பிரெஞ்சில் சொல்லும்போது வைத்தியருடைய வீட்டுக்குத்தான் போகிறார்கள். சந்திப்பது ஆஸ்பத்திரியில் என்றாலும். வீடு என்பது மனிதன் அதிக நேரம் ‘உள்ளே’ இருக்கிற இடம். உள்ளே இருப்பதற்கு ஒரு சொல் வேண்டும் என்றால் முதலில் கைக்கு அகப்படுவது அதுதான்.

கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், நம் வேற்றுமை உருபுகள் பலவும் முன்னொரு காலத்தில் தனிச் சொற்களாக நின்றவை என்று சொன்னார். தெலுங்குக்காரர் ‘லோ’ என்று ‘உள்’ளை வைத்துக்கொண்டார். கன்னடத்தார் ‘அல்லி’ என்று ‘அங்கே’யை ஒட்டினார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளை எடுத்து இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டை எடுத்தவர்கள் தமிழரும் மலையாளத்தாரும்.

இனி அந்த ருஷ்யன்.

1960 இல் மொஸ்கோவில் தொடங்கி, பிறகு லுமும்பாவின் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். முதல் வருடம் மொழி படிப்பதிலேயே போகும். அங்கே போனவர்கள் பனிக்கு அடுத்தபடியாகத் திட்டுவது ருஷ்ய மொழியின் முன்னுருபுகளை. நமக்குச் சொல்லின் வாலில் வருவது அவர்களுக்குத் தலையில் வருகிறது. ‘வ’ என்றால் உள்ளே, ‘நா’ என்றால் மேலே. இதோடு முடிந்தால் பரவாயில்லை. முன்னுருபையும் போட்டு, பெயரின் வாலிலும் வேற்றுமை விகுதியை மாற்றவேண்டும். “இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி” என்று அங்கே படித்துவந்த ஒருவர் எனக்குச் சொன்னார். எந்த இடத்துக்கு ‘வ’, எதற்கு ‘நா’ என்பது இன்னொரு தலையிடி. தீவுகளுக்குப் பெரும்பாலும் ‘நா’. அதனால் ருஷ்யர் இலங்கை ‘மேல்’ வாழ்கிறார்கள், இந்தியாவுக்கு ‘உள்’ வாழ்கிறார்கள். உக்ரைனுக்குப் பழைய வழக்கப்படி ‘நா’ போட்டு வந்தார்கள். “அது எல்லைப்புற மாகாணங்களுக்குப் போடுவது, நாங்கள் எல்லையுள்ள தனி நாடு, எங்களுக்கு ‘வ’ போடுங்கள்” என்று 1993 இல் உக்ரைன் அரசு கேட்டது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு அரசியலா என்று நாங்கள் வியக்க உரிமையில்லை. ‘வில்’ சிங்களமா தமிழா என்று நூறு வருடமாக அடிபடுகிறவர்கள் நாங்கள்.

இந்த முன்னுருபுகள் ஸ்லாவ் மொழிகளில் எப்போதும் இப்படிக் கட்டாயமாக இருந்ததில்லை. கியேவ் காலத்துப் பழைய நாளாகமங்களில் ‘கியேவில்’ என்று சொல்ல ஊர்ப்பெயரின் இடவேற்றுமை வடிவம் ஒன்றே போதுமாயிருந்தது. தலையில் எதுவும் தேவைப்படவில்லை. நமது சங்கப் புலவர்கள் மலையில் என்பதற்குக் ‘குன்றத்து’ என்று நிறுத்திவிடுவதைப் போல. காலம் போகப் போக வால் பலவீனப்பட்டது. தலைக்குத் துணை வந்தது. கடைசியில் துணையில்லாமல் அந்த வேற்றுமை வெளியே வரவே முடியாது என்ற நிலை. 1619 இல் ஸ்மொத்ரீட்ஸ்கி எழுதிய இலக்கணத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. 1755 இல் லொமனோசொவ் ருஷ்ய இலக்கணம் எழுதியபோது அதற்கு ‘முன்னுருபு வேற்றுமை’ என்றே பெயர் வைத்துவிட்டார். நம் தொல்காப்பியர் ‘கண் வேற்றுமை’ என்று உருபின் பெயரையே வைத்தாரே, அதே யோசனை.

அந்தத் துணைகள் எங்கேயிருந்து வந்தன? ‘வ’, ‘நா’ போன்ற குட்டிகள் மிகப் பழையவை. வாக்கியத்தில் சுதந்திரமாக அலைந்த இடச்சொற்கள் அவை. வேதகாலச் சமஸ்கிருதத்து உபசர்க்கங்களின் தூரத்து உறவினர். பிறகு சில வினையோடு ஒட்டின, சில பெயருக்கு முன்னால் குந்தின, சில இரண்டையும் செய்தன. ஆனால் எனக்குப் பிடித்தவை பிந்தி வந்தவை. ருஷ்யத்தில் ‘அருகே’ என்பதற்கு ‘ஓகொலொ’. அதன் உள்ளே ‘கொலொ’ என்று ஒரு சக்கரம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிய வட்டம், பிறகு வீட்டுப் பக்கம். செக் மொழியில் ‘கொலெம்’, சுற்றி. இன்றைய செக்கில் ‘கொலொ’ என்றால் சைக்கிளும்தான். ‘இடையில்’ என்பதற்கு ருஷ்யத்தில் ‘மெஷ்து’. அதன் அடியில் கிடப்பது வயல் வரம்பு. அதுவும் இருமை எண்ணில்: இரண்டு வரம்புக்கு நடுவில். ‘தவிர’ என்பதற்கு ‘க்ரோமெ’. கரை, விளிம்பு என்று பொருள்பட்ட பெயர் அது. நாங்கள் “இதற்குப் புறம்பாக” என்கிறோமே, அதே கரைக்குத்தான் அவர்களும் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு ஏன் முன்னால், நமக்கு ஏன் பின்னால்? இரகசியம் பெரிதல்ல. ‘மரத்தின் மேல்’ என்றால் மரத்தினுடைய மேற்பகுதி. ‘மேல்’ அங்கே தலைமைப் பெயர், மரம் அதன் சொந்தக்காரன். தமிழில் சொந்தக்காரன் முன்னால் வருவான், பொருள் பின்னால் வரும். ‘அண்ணையின்ரை சைக்கிள்’ போல. பொருள் தேய்ந்து உருபாகும்போது நின்ற இடத்திலேயே நின்று தேய்கிறது. ருஷ்யத்தில் பொருள் முன்னால், சொந்தக்காரன் ஆறாம் வேற்றுமையில் பின்னால். சக்கரம் முன்னாலேயே தேய்ந்தது. ‘ஓகொலொ’வுக்குப் பின் வரும் பெயர் இன்றைக்கும் ஆறாம் வேற்றுமையில்தான் வரவேண்டும், நாமும் ‘மரத்தின்’ என்றுதான் சொல்கிறோம். ஒரே வேலை. ஒருவர் சைக்கிளை முன்னால் பிடித்து உருட்டுகிறார், மற்றவர் பின்னால் நின்று தள்ளுகிறார்.

இதைவிட வியப்பு, வினைச்சொற்களிலிருந்து பிறந்தவை. நாம் ‘பற்றி’ என்றால் பிடித்து, ‘நோக்கி’ என்றால் பார்த்து, ‘குறித்து’, ‘சுற்றி’, ‘ஒட்டி’, ‘கொண்டு’ எல்லாமே வேலை செய்து களைத்துப்போன வினையெச்சங்கள். ருஷ்யத்தில் ‘ப்ளகதர்யா’ என்றால் ‘இன்னதன் புண்ணியத்தால்’; நேர்ப்பொருள் ‘நன்றி சொல்லி’. ‘மழையையும் பாராமல் வந்தான்’ என்கிறோமல்லவா? ருஷ்யர் சொல்வது ‘நெஸ்மத்ர்யா நா’. எழுத்துக்கு எழுத்து அதே ‘பாராமல்’. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மழையைப் பார்த்து நின்றுவிடாதவன் இரண்டு நாட்டிலும் இருந்திருக்கிறான்.

(ஒரு எச்சரிக்கை. ‘இவானிடம், இவானுக்கு’ என்பதற்கு ருஷ்யத்தில் ‘க இவானு’. நமது நாலாம் வேற்றுமை ‘கு’. இதைப் பார்த்தவுடன் குமரிக்கண்டத்திலிருந்து வொல்கா வரை கோடு இழுக்கத் துடிப்பவர்கள் இருப்பார்கள். தற்செயல். விட்டுவிடுவோம்.)

ஸ்லாவ் தாய்மொழிக்காரர்கள் சிலர் நம் பக்கமும் வந்தார்கள். ருதினும் பியாதிகோர்ஸ்கியும் சேர்த்த தமிழ்-ருஷ்ய அகராதி 1960 இல் மொஸ்கோவில் வெளிவந்தது. அந்திரோனொவ் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். பிராக்கில் பிறந்த கமில் சுவெலபில் 1966 இல் ஈழத்துத் தமிழின் கூறுகளைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவருடைய செக் மொழியில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு ‘தொமா’, வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு ‘தொமூ’. மற்ற எந்த இடத்துக்கும் முன்னுருபு வேண்டும். வீட்டுக்கு மட்டும் வேண்டாம். ருஷ்யத்திலும் அப்படியே, ‘தோமா’, ‘தமோய்’. முன்னுருபுகள் வருவதற்கு முந்திய பழைய வேற்றுமை வடிவங்கள் வீட்டுக்குள் மட்டும் செத்துப்போகாமல் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தான் என்ன சொல்கிறான்? கடைக்குப் போறன். பள்ளிக்கூடத்துக்குப் போறன். சுன்னாகத்துக்குப் போறன். ஆனால்: “வீட்டை போறன்.” ‘கு’ எங்கே? வீட்டுக்கு மட்டும் தேவையில்லை. அந்த ‘ஐ’ இரண்டாம் வேற்றுமையா, தேய்ந்துபோன ஏகாரமா என்று வாதாடலாம். வாதாடிவிட்டு எல்லோரும் வீட்டை போகலாம்.

அந்த ஏகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் யாழ்ப்பாணம் தன் சொந்தப் பட்டறையைத் திறந்து வைத்திருக்கிறது. மற்றவர்களின் ‘அங்கே’ இங்கே ‘அங்கை’, ‘எங்கே’ ‘எங்கை’. சொல்லின் கடைசி ‘ஏ’ ‘ஐ’ ஆகிவிடும். ஆகவே ‘வீட்டிலே’ ‘வீட்டிலை’ ஆயிற்று. ‘அவரோடே’ ‘அவரோடை’. ‘அவரிடத்தே’ என்று இருந்தது இடத்தை இழந்து, தகரத்தை இழந்து, ‘அவரிட்டை’ என்று நிற்கிறது. “என்னட்டைக் காசில்லை” என்பவரிடம் ‘இடம்’ என்ற சொல் எங்கே ஐயா என்று கேட்டால் விழிப்பார். ‘பெட்டிக்குள்ளே’ முதலில் ‘பெட்டிக்குள்ளை’. இன்னும் அவசரமென்றால் ‘பெட்டிக்கை’. ‘உள்’ முழுவதும் விழுங்கப்பட்டுவிட்டது. “கிணத்துக்கை விழுந்திட்டுது” என்று சிறுபிள்ளை கத்தும்போது உள்ளுக்குள் ஓர் ‘உள்’ இருந்ததை யார் நினைப்பார்கள்? தொல்காப்பியர் பட்டியலில் நின்ற ‘புறம்’, இங்கே அதிகாலை வேளைக்குப் பெயராகி ‘விடியப்புறம்’ என்று தினமும் எழும்புகிறது. இணுவில் தோட்டக்காரர் புகையிலைக்குத் தண்ணி இறைக்க எழும்புவது அந்தப் புறத்தில்தான்.

எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது ‘அடி’.

அடி என்றால் பாதம். மரத்தின் பாதம் மரத்தடி. யாழ்ப்பாணம் வேம்படி, ஆலடி, அரசடி, புளியடி என்று மரங்களின் காலடியில் ஊரை விரித்தது. இதுவரை ஒன்றும் புதுமையில்லை. மரத்துக்கு அடி உண்டு, அதில் நிற்கலாம். பிறகு கிணத்தடி. கிணற்றுக்கு அடி என்றால் பாதாளம். ஆனால் கிணத்தடியில் குளிப்பவர் மேலேதான் நிற்கிறார். இங்கே சொல் ஒரு படி தாண்டிவிட்டது. அடுப்படி என்றால் குசினியே. பிறகு சந்தியடி, பள்ளிக்கூடத்தடி, ஸ்ரேசனடி, ஆஸ்பத்திரியடி. இணுவிலில் ஆஸ்பத்திரியடி என்றால் அமெரிக்க மிசனரிமார் 1898 இல் தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரி. சந்திக்கு ஏது பாதம்? இப்போது ‘அடி’க்கு ‘அருகே’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

ஒரு சொல் உருபாகிவிட்டதா என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஓர் அடைமொழி கொடுத்துப் பாருங்கள். ‘மரத்தின் அகன்ற அடி’ சொல்லலாம். ‘சந்தியின் அகன்ற அடி’ சொல்லமுடியாது. பன்மையாக்கிப் பாருங்கள்; ‘சந்தியடிகள்’ என்றால் யாரோ சாமியாரின் பெயர் போல இருக்கும். தனக்கென்று ஆஸ்தி எதுவும் இல்லாமல், ஒட்டிக்கொண்டு வாழப் பழகிவிட்டது. தொல்காப்பியர் திரும்ப வந்து கணக்கெடுத்தால் கண், கால், தலையோடு அடியையும் எழுதிக்கொள்வார். இன்றைய பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள்தான் இன்னும் அதைப் பந்தியில் இருத்தவில்லை. பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே நாடக மேடைக்குக் கொண்டுபோனார். சுசீந்திரராசா அதன் ஒலியையும் சொல்லையும் மொழியியல் கண்ணால் அளந்தார். அவர்களுக்குப் பிறகும் “அது பேச்சுத் தமிழ்” என்று ஒதுக்கும் பழக்கம் போகவில்லை. ‘இல்’லும் ஒருகாலத்தில் இருபத்தெட்டாவதுதான்.

இப்போது ‘கோயிலடியிலை’ என்ற சொல்லை எடுங்கள். இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெரிய மஞ்சத்தைப் பார்க்கப் போனவர் தொலைபேசியில் சொல்கிற சொல். பிரித்தால்: கோ, இல், அடி, இல், ஏ. அரசனின் வீட்டின் பாதத்தின் வீட்டில். முதல் ‘இல்’லில் இன்னும் சுவர் தெரிகிறது. இரண்டாவதில் சுவருமில்லை, கூரையுமில்லை. ஒரே சொல்லுக்குள் ஒரே சொல்லின் இரண்டு வயதுகள்.

இடத்தில் இருப்பதற்கு இவ்வளவு. இடத்தைவிட்டு வருவதற்கு? பழைய தமிழுக்கு ‘இன்’ போதுமாயிருந்தது. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இல்’, ‘இன்’ இரண்டையும் சேர்த்துச் சொன்னார். ஆனால் நிற்பதற்கும் நீங்குவதற்கும் ஒரே ‘இல்’ என்றால் குழப்பம். பேச்சு ஒரு வினையைக் கூப்பிட்டது: ‘இருந்து’. ‘இணுவிலிலையிருந்து வாறன்’ என்றால், இணுவிலில் இருந்தேன், பிறகு வந்தேன். நீங்குவதைச் சொல்லவே நாங்கள் முதலில் அங்கே இருந்ததைச் சொல்கிறோம். ருஷ்யர் ‘இஸ்’ என்று ஒரே அசையில் வெளியேறிவிடுவார்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. இணுவிலும் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் மணிக்கணக்காக நின்றவர்களை, அங்கால் பக்கத்திலிருந்தவர்கள் “எங்கையிருந்து வாறியள்?” என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த அந்த ‘இருந்து’ அன்றைக்கு வெறும் உருபாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஆட்கள் திரும்பத் தொடங்கும்வரை “இணுவிலிலை ஒருத்தரும் இல்லை” என்பது உண்மையாகவே இருந்தது. இல், இல், இல் என்று அடுக்கிக்கொண்டு போகும் அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறேன். வீட்டைக் குறித்த ‘இல்’லுக்கும் இல்லாமையைக் குறித்த ‘இல்’லுக்கும் இரத்த உறவு கிடையாது என்று மொழியியல் சொல்கிறது. அதை நம்புகிறேன்.

1990 இல் நின்ற இரயில் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்ப ஓடியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று மஞ்சள் பலகைகள். பலகையில் ஊர் வேற்றுமை இல்லாமல் தனியாக நிற்கிறது, எழுவாயாக.

தொலைபேசிக்காரர் மினிபஸ்ஸில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “ஓம், இப்ப சந்தியடியிலை. ஓம், கோயிலடியிலை நில்லுங்கோ, நான் வாறன்.” சந்தி தாண்டி வண்டி வேகமெடுக்கத் தொடங்கியது. நடத்துனர் படியில் தொங்கியபடி உள்ளே பார்த்துக் கத்தினார்:

“கோயிலடி இறக்கம் இருக்கோ?”

‘இலை’ இல்லை, ‘இல்’லும் இல்லை. பழைய கியேவைப் போல, குன்றத்தைப் போல, இடம் மட்டும்.

“இருக்கு, அண்ணை,” என்று எழும்பினேன்.